ஏப்பத்தில் இல்லாத பூண்டு

தடால்!

கூடத்தில் இருந்த அத்தனை பேரும், காபித் தட்டோடு வந்த அவளும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து நாற்காலி தூக்கி வந்த அவளுடைய தம்பி, நாற்காலியோடு குப்புற விழுந்து கிடந்தான். நெற்றியில் ரத்தம்.

அதுவரை அது வழக்கமான ஞாயிற்றுக்கிழமைதான். பர்னிச்சர் கடை விற்பனையாளரான அவள் கணவருக்குப் பூண்டு கேப்சூல் விற்பது பக்கத் தொழில். ஞாயிறுதோறும் நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தன் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் மெஷினைத் தட்டுவார்.

"நூத்தி இருபது, எண்பது! டாக்டர் குடுத்த மாத்திரையத் தூக்கிப் போட்டு ஒரு வருஷமாச்சு. எல்லாம் பூண்டு பண்ற வேலை!"

இன்றும் அந்த எண்ணைச் சொல்லி முடித்த நொடியில்தான் தம்பி விழுந்தான்.

அதே பட்டையை அவள் தம்பியின் கையில் சுற்றினாள். நூற்றுத் தொண்ணூறு, நூற்றுப் பத்து.

"தம்பியும் இதத்தான் சாப்பிடறாரா?" வந்தவர்களில் ஒருவர் மெல்லக் கேட்டார்.

"அவன் ஒழுங்காப் போடறதில்லைங்க" என்றார் கணவர்.

"என்ன மாமா இப்படிச் சொல்றீங்க? வேளை தவறாமப் போடறேன். உங்களப் பாத்துத்தானே டாக்டர் மாத்திரைய நிறுத்தினேன்?"

வந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள்.

ஆஸ்பத்திரியில் மூன்று தையல். டாக்டர் சீட்டில் மாத்திரை எழுதி, "இன்னிக்கே ஆரம்பிக்கணும். பிரஷர் இறங்கற வரைக்கும் பஸ் ஓட்டக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். தம்பி பஸ் டிரைவர். மறுநாள் காலை அவனுக்கு முதல் வண்டி.

மூன்று பேரும் மருந்துக்கடைக்கு நடந்தார்கள்.

"எனக்கு மாத்திரை வேணாம்க்கா. மாமாவுக்குக் கேக்கறது எனக்குக் கேக்காதா? பூண்டு கேப்சூல ரெண்டுக்கு நாலாப் போட்டுட்டு நாளைக்கு டூட்டிக்குப் போறேன்" என்ற தம்பி ஏப்பம் விட்டான். பூண்டு வாடை குப்பென்று அடித்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. இந்த ஒரு வருஷத்தில் கணவரிடம் இந்த வாடை ஒரு நாளாவது வந்ததுண்டா? பக்கத்தில் படுப்பவளுக்குத் தெரியாதா?

"ஏங்க, உங்க ஏப்பத்துல மட்டும் பூண்டு வாசனையே வர்றதில்லையே?"

"எனக்கு உடம்புல பழகிடுச்சு. நீ என்ன, போலீஸ்காரி மாதிரி மோந்து பாக்கற?" அவர் சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

மருந்துக்கடை வாசல் வந்ததும் விளக்குக் கம்பத்தோரம் நின்றுவிட்டார்.

"நீங்க போய் வாங்குங்க. எனக்கு அந்தக் கடை வாடையே ஆகாது."

வீட்டில் தலைவலி மாத்திரை வாங்கக்கூட அவளை இந்தக் கடைக்கு அனுப்பியதில்லை இந்த மனிதர். 'நானே போறேன்' என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். அவள் தம்பியின் கையைப் பிடித்துப் படியேறி, சீட்டை நீட்டினாள்.

"சும்மா வாங்காதக்கா, நான் போட மாட்டேன்" என்றான் தம்பி.

மருந்துக்கடைக்காரர் சீட்டைப் படித்தார். மாத்திரை அட்டையை எடுத்துத் திரும்பியவர் கண்ணில் கம்பத்தோரம் நின்றவர் பட்டார். முகம் மலர, குரலை உயர்த்தினார்.

"என்ன சார், வெளியவே நின்னுட்டீங்க? உங்க பிரஷர் மாத்திரை நேத்தே வந்தாச்சு. இந்தத் தம்பிக்கும் அதே மாத்திரைதான் எழுதியிருக்காங்க, சேத்தே குடுத்துடவா?"