மாடிப்படியில் விழுந்த ஊர்

கூட்டம் தொடங்கப்போகிற நேரத்தில் சுகாதார நிலையத்தைக் காணவில்லை.

மாடிப்படி வளைவில் முட்டி போட்டு அவள் தேடிக்கொண்டிருந்தாள். கால்வாய் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பள்ளிக்கூடம் கூரையைப் பறிகொடுத்து மல்லாந்திருந்தது. மூன்று தெருக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. பச்சைச் சாயம் தோய்த்த ஸ்பாஞ்சு மரங்கள் சில படிகளில் உருண்டோடி, அதில் ஒன்று கீழே காவலாளியின் செருப்பருகே போய் நின்றது. அப்பா பார்த்துப் பார்த்து வெட்டி ஒட்டிய அட்டை ஊர். நிலநடுக்கம்கூட இவ்வளவு நேர்த்தியாக வேலையை முடித்திருக்காது.

"என்னம்மா தேடறே?" என்றார் காவலாளி.

"ஆஸ்பத்திரிய, அண்ணே."

"அது அடுத்த தெருவுல இருக்கு. அடி கிடி பட்டுடுச்சா?"

"எனக்கில்ல. ஊருக்கு."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வீட்டில் அவளைப் 'பேரிடர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் வரைகிற அப்பா சூட்டிய பெயர். வரும்போது சொல்லிக்கொண்டு வராது, வந்தபிறகு நிவாரணம் கேட்கும் என்பது அவர் தந்த விளக்கம். பதினாறு வயதில் ஒருத்தி தன் பெயருக்கு இவ்வளவு உண்மையாக இருப்பது அபூர்வம்.

விழுந்த காரணத்தை வெளியே சொன்னால் மானம் போகும். சுருட்டிய வரைபடங்களை எடுத்துக்கொண்டு அப்பா முன்னாலேயே போயிருந்தார். "மாடலை நான் பத்திரமா கொண்டாரேன்ப்பா" என்று இவள்தான் வாக்குக் கொடுத்தாள். கொண்டும் வந்தாள். ஆட்டோவில் மடியில் வைத்து, மேட்டிலும் பள்ளத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறந்த குழந்தையைப் போலக் கொண்டுவந்தாள். முதல் மாடி வரை ஏறியும்விட்டாள். அங்கேதான் புத்தி புல் மேயப் போனது. பலகையை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் போனை உயர்த்தி, உதட்டைக் குவித்து ஒரு படம். கீழே போட வேண்டிய வரிகூடத் தயாராக இருந்தது: 'ஊரையே தாங்குபவள்.' படம் நன்றாக வந்திருந்தது. அதில் ஊர் சரியாகப் பதினைந்து பாகை சாய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

நெஞ்சு 'கீச் கீச்' என்றது. பையிலிருந்து இழுப்பு மருந்தை எடுத்து ஒரு முறை உறிஞ்சினாள். அந்த மருந்தும் இந்தக் கூட்டமும் ஒன்றுக்கொன்று சொந்தம். அவர்கள் தெருவில் விடியும் முன்பே சரக்கு லாரிகள் வந்து வரிசை கட்டும். கிடங்கு திறக்கும் வரை இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நிற்கும். ஜன்னல் திரை வெளுத்த மறுநாளே கறுத்துவிடும். தெருக்கோடியில் இருக்கும் சுகாதார நிலையத்தில், காலையில் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளை நர்ஸ் 'இழுப்பு கிளாஸ்' என்பார். இவள் அதில் வகுப்புத் தலைவி.

லாரிகளுக்கென்று ஒரு நிறுத்தம் கட்டுவது திட்டம். அதை எங்கே கட்டுவது என்பதுதான் கூட்டம்.

எழுந்தபோது சுகாதார நிலையம் அகப்பட்டது. இத்தனை நேரமும் அவள் முழங்காலில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

மகளை நன்றாக அறிந்த அப்பா, உடனே ஒட்டும் பசை ஒரு குப்பியை அவள் பையில் போட்டுவிட்டுத்தான் போயிருந்தார். அவள் படியிலேயே உட்கார்ந்து ஊரைக் கட்டினாள். கால்வாயைச் சேர்த்தாள். பள்ளிக்குக் கூரை போட்டாள், கொஞ்சம் கோணலாக. தெருக்களைப் பிரித்து அதனதன் இடத்தில் படுக்கவைத்தாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தலைமுடி ஒன்று கால்வாயோடு நிரந்தரமாக ஐக்கியமானது. கடைசியில் மிஞ்சியவை இரண்டு அட்டைகள், இரண்டும் ஒரே அளவு. ஒன்றில் மரங்கள், பூங்கா. இன்னொன்றில் உப்புத்தாள் ஒட்டி, தீப்பெட்டி லாரிகள். காலியாக இருந்த இடங்களும் இரண்டு. ஒன்று சுகாதார நிலையத்துக்குப் பின்னால். இன்னொன்று கால்வாய்க்கு அப்பால், தையல்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்குப் பின்னால்.

மேலேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "வந்துட்டியா? எல்லாரும் உக்காந்தாச்சு!"

"இதோ வந்துட்டேன்ப்பா!"

ஒட்டினாள். எடுத்துக்கொண்டு ஓடினாள்.

போன கூட்டத்தில் சுவரில் வரைபடத்தை மட்டும் மாட்டியிருந்தார்கள். "இது என்ன சார், ஊரோட எக்ஸ்ரேவா? எலும்பு எங்க முறிஞ்சிருக்கு?" என்று ஒரு கடைக்காரர் கேட்க, கூட்டமே சிரித்துக் கலைந்தது. அதனால்தான் இந்த மாடல். மேசையில் வைத்ததுமே ஜனங்கள் மொய்த்துவிட்டார்கள். ஒருவரும் திட்டத்தைப் பார்க்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் வீட்டைத்தான் தேடினார்கள்.

"ஏய், இதான் நம்ம வீடு! மாடிப்படிகூட வச்சிருக்காரு பாரு!"

"நம்ம வீட்டுக்கு ஏன் ஜன்னல் வைக்கல? நாங்க காத்து வாங்க வேணாமா?"

அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் வரைபடத்தை ஒட்டப் போராடிக்கொண்டிருந்தார். ஒட்டு நாடா பிடிக்கவில்லை. ஒரு மூலையை அமுக்கினால் மறு மூலை சுருண்டது.

நர்ஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். "அட! எங்களுக்குப் பின்னாடி மரமா? லாரி வருதுன்னு கேள்விப்பட்டு வரிஞ்சு கட்டிக்கிட்டு சண்டைக்கு வந்தேனே! ராத்திரியெல்லாம் ஒத்திகை வேற பாத்தேன். எல்லாம் வீணாப் போச்சு."

அவள் முண்டியடித்துக்கொண்டு மேசையருகே வந்தாள். எட்டிப் பார்த்தாள். சுகாதார நிலையத்துக்குப் பின்னால் ஸ்பாஞ்சு மரங்கள் ஜம்மென்று நின்றன. கால்வாய்க்கு அப்பால் தீப்பெட்டி லாரிகள்.

மாற்றி ஒட்டிவிட்டாள்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றாள். அதற்குள் கூட்டத்தை நடத்த வந்த அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். திட்டத்தை அவர் படித்திருந்தால் அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும். அவருக்குத் தெரிந்தது கைதட்டல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது மட்டும்.

"மக்கள் ஆரோக்கியம்தான் முக்கியம். இதை ஆரம்பத்துலேருந்து நான் சொல்லிட்டே இருக்கேன். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. நர்ஸ் இரண்டு கையையும் தூக்கினார். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் நோயாளிங்களுக்கு."

கைதட்டலுக்கு அப்பா திரும்பினார். மேசைக்கு வந்தார். மாடலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி மாடலைப் பார்த்தார். பிறகு மகளைத் தேடின அவர் கண்கள். அவள் நாற்காலிக்கு அடியில் விழாத எதையோ குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருட்டு என்று அவளுக்கு அன்று பலமான நம்பிக்கை.

அப்போதுதான் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். வரிசை வீட்டுத் தையல்காரி. கழுத்தில் அளவு நாடாகூட அப்படியே தொங்கியது. மாடலைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள்.

"லாரி எங்க பக்கமா வந்திருக்கு?"

மேசையைச் சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"போன தடவை இந்த அண்ணன்தானே சொன்னாரு?" அப்பாவைக் காட்டினாள். "'உங்க பக்கம் பூங்கா வருது, குழந்தையத் தூக்கிட்டு வந்து உக்காரலாம்'னு. நானும் நம்பி எங்க வரிசைல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன்."

"திட்டம்னா மாறும்மா" என்றார் அதிகாரி.

"மாறட்டும் சார். எங்க வீடு மட்டும் மாறாம அங்கயே இருக்கே."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். நர்ஸ் குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். "இவனுக்குத்தானே அன்னைக்கு ஆவி பிடிக்க மெஷின் வச்சேன்?"

"ஆமா சிஸ்டர். இங்கேர்ந்து அடிக்கிற புகைக்கே அந்தப் பாடு. இனி பக்கத்துலயே வந்து நின்னா?"

நர்ஸ் சற்று முன் தூக்கிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார். "ஏன் சார், இந்த ரெண்டுல ஒண்ணுதான்னு யார் முடிவு பண்ணினது? அந்தக் கிடங்குகளுக்குப் பின்னாடி அவ்வளவு நிலம் சும்மா கிடக்கே."

"அது தனியார் நிலம்மா."

"ஓ. எங்க மூச்சு மட்டும் பொதுச் சொத்தாக்கும்."

இரைச்சல் கிளம்பியது. அதற்குள் ஒருவர் சுவரில் இருந்த வரைபடத்தில் 'லாரி' என்ற எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "சார், படத்துல ஒண்ணு இருக்கு, மேசைல ஒண்ணு இருக்கு! எது நிஜம்?"

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். வேலைக்கு உலை வைக்கிற பார்வை அது. "டீ குடிச்சிட்டு எல்லாரும் வாங்க. எது சரின்னு நம்ம டிராஃப்ட்ஸ்மேனே உங்க முன்னாடி சொல்லுவாரு."

அப்பா அவளை மாடிப்படி வளைவுக்கு அழைத்துக்கொண்டு போனார். கத்துவார் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, 'பேரிடர்' என்று திட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம். அவர் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"கீழ போட்டியா?"

"ம்."

"போட்டோ எடுத்தியா?"

"...ம்."

"தெரியும். உன் ஸ்டேட்டஸ்ல பாத்தேன்."

எல்லாம் போய்விட்டது, படத்தை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறாள். பூமி பிளந்து அவளை விழுங்கியிருக்கலாம். அதுகூட அவள் ஒட்டிய பூமியாக இருந்தால் சரியாகப் பிளந்திருக்காது.

"சாரிப்பா. நான் போய்ச் சொல்றேன். தெரியாம மாத்தி ஒட்டிட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"அதைத்தான் கேக்கணும்னு கூப்பிட்டேன்." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "தவறி ஒட்டினதுன்னா அதைச் சொல்லிடுவேன். கை தூக்கினது செல்லாது. லாரி நம்ம தெருவுக்கே வரும், உன் ரூம் ஜன்னலுக்கு நேரா. நீ வேணும்னே மாத்தினதுன்னா அதையும் சொல்லுவேன். என் வேலை என்ன ஆகும்னு தெரியாது, அது என் பாடு. ஆனா அந்தப் பொண்ணு கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கேன். அவ முன்னாடி நின்னு பொய் மட்டும் சொல்ல மாட்டேன்."

"தெரியாமதான்ப்பா."

"நெஜமா? மாடல் பண்ணும்போது நீதானே கேட்டே, 'ஆஸ்பத்திரிக்குப் பின்னாடியே லாரியா, இதுக்கு என்னைக் கழுத்தை நெரிச்சே கொன்னுடலாமே'ன்னு? அந்த உப்புத்தாளை ஒட்டினதே நீதான். எது எங்க வரும்னு என்னைவிட உனக்குத் தெரியும்."

அவள் பசையில் ஒட்டிக்கிடந்த விரல்களைப் பிரித்தாள்.

அவசரம்தான். அப்பா கூப்பிட்டார், பசை காய்ந்துகொண்டிருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அத்தனை அவசரத்திலும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடத்துக்கே போனது. தெருக்கள் தெருக்களுக்கே போயின. கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினாலும் ஊர் முழுதும் தன் இடத்துக்குத் திரும்பியிருக்கிறது. தப்பியது இந்த இரண்டு அட்டை மட்டும், அதுவும் அவள் ஜன்னலுக்கு வசதியாக. அந்த நொடியில் வரிசை வீடுகள் அவள் நினைவில் இருந்தனவா? குழந்தை இருந்ததா? எவ்வளவு முயன்றும் மேலேயிருந்து வந்த அப்பாவின் குரலும் தன் இரைப்பும்தான் ஞாபகம் வந்தன.

உள்ளே நாற்காலிகள் இழுபடும் சத்தம். டீ முடிந்துவிட்டது. "டிராஃப்ட்ஸ்மேன் எங்கப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

அப்பா எழவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு கண்ணு. உள்ள போய் நான் என்ன சொல்லட்டும்?"