ஒன்பதில் இருந்த செவ்வாய்

என் பெயர் வாசுகிநாத் ஓஜா. காசியில் எங்கள் சந்துக்குள் வந்து "ரயில் நேரப் பண்டிட் வீடு எது?" என்று கேட்டால் பால்காரன்கூட வழி காட்டுவான். மற்ற ஜோதிடர்கள் மாடு கறக்கிற வேளை, விளக்கு வைக்கிற வேளை என்று சொன்னாலே போதும், ஜாதகம் கணித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் அப்படியில்லை. மணியும் நிமிடமும் சுத்தமாகச் சொல்லாவிட்டால் பஞ்சாங்கத்தைத் தொடவே மாட்டேன். அந்தத் திமிர்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தின்றது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் தன் மகனுக்கு ஜாதகம் கணிக்க வந்தார். மகன் பிறந்தது 1944-இல்.

"கடிகாரத்துல எட்டு மணி, பண்டிட்ஜி. நீங்க ஏழுன்னு போட்டுக்கோங்க."

"ஏன், உங்க வீட்டுக் கடிகாரம் என்ன பாங்கு குடிச்சுப் போதையில இருந்துச்சா?"

"எங்க வீட்டுது குடிக்கல, சர்க்காரோடதுதான் குடிச்சுச்சு. சண்டைக் காலத்துல நாற்பத்திரண்டுலேருந்து நாற்பத்தஞ்சு வரைக்கும் நாடு முழுக்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வச்சிருந்தாங்களே. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாது. அந்த வருடங்களில் நான் கங்கைக்கு அக்கரையில் ஒரு பாடசாலையில் சுலோகம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். சூரியன்தான் எங்களுக்குக் கடிகாரம். "தெரியும், தெரியும்" என்று அவரை அனுப்பிவிட்டு, பழைய நோட்டுகளை அலமாரியிலிருந்து இழுத்துப் போட்டேன். அந்த மூன்று வருடங்களில் பிறந்தவர்களின் ஜாதகம் ஏழு இருந்தது. ஆறில் பெரிய சேதம் இல்லை. ஏழாவது விந்தியவாசினியுடையது.

அவள் அப்பா லல்லன் திவாரி முகல்சராய் ஸ்டேஷனில் கிளார்க். பன்னிரண்டு வருடத்துக்கு முன், பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு வந்ததும் என்னிடம் வந்தார். பையன் கிரிஜாபதி, தண்ணீர்க் குழாய் இலாகாவில் வேலை. அவனுக்கும் அவளுக்கும் ஒருவரை ஒருவர் பிடித்திருந்தது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். திவாரி குறித்து வைத்திருந்த நேரம்: 1943 அக்டோபர் இருபது, காலை ஆறு இருபது, ஸ்டேஷன் கடிகாரப்படி. எனக்கு வாயெல்லாம் பல். இப்படியல்லவா நேரம் குறிக்க வேண்டும் என்று அவரைப் பாராட்டக்கூடச் செய்தேன்.

கூட வந்திருந்த அவர் மனைவி முக்காட்டுக்குள்ளிருந்து மெல்லச் சொன்னாள். "இவ பொறந்தப்போ வெளிய இருட்டு, பண்டிட்ஜி. ஜன்னல்ல விடிவெள்ளி பளபளன்னு நின்னுச்சு."

ஆறு இருபதுக்கு விடிவெள்ளியா? நான் சிரித்துவிட்டேன். "பிரசவ வலியில நட்சத்திரம் தெரியத்தான்மா செய்யும்" என்றேன். திவாரியும் சிரித்தார்.

ஆறு இருபதுக்குத் துலாம் லக்னம். ரிஷபத்தில் செவ்வாய். எண்ணினால் எட்டாமிடம். பெண்ணின் ஜாதகத்தில் அது மாங்கல்ய ஸ்தானம். அங்கே செவ்வாய் உட்கார்ந்தால் புருஷனுக்கு ஆகாது. சொன்னேன். பையன் வீட்டில் முகம் சுளித்தார்கள், ஆனால் கிரிஜாபதி அசையவில்லை. முதலில் அவளை அரசமரத்துக்குக் கட்டி வைத்து, தோஷம் மரத்தோடு போகும்படி பரிகாரம் செய்துவிடலாம், பிறகு நான் கட்டிக்கொள்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

அப்போதுதான் விந்தியவாசினி தனியாக என் வீட்டுக்கு வந்தாள். பதினெட்டு வயது.

"மரத்துக்குக் கட்டி வச்சா அவருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? உறுதியாச் சொல்லுங்க."

ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரில் எல்லாப் பண்டிதர்களும் அப்படித்தான் சொல்வார்கள். நான் ரயில் நேரப் பண்டிட் அல்லவா? "நூத்துக்கு நூறுன்னு என்னால சொல்ல முடியாதும்மா. கணக்குன்னா கணக்கு" என்றேன்.

மறுநாள் அவளே கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கிரிஜாபதி அவர்கள் வாசலில் வந்து நின்றபோதும் கதவைத் திறக்கவில்லையாம். அதற்குப் பிறகு யாரையும் அவள் கட்டிக்கொள்ளவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிட்டாள்.

இப்போது ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டுக் கணித்தேன். கன்னி லக்னம். செவ்வாய் ஒன்பதில். தோஷம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் ஒன்பதுதான். சோறு இறங்கவில்லை.

என் மனைவி ராம்தேயி தட்டைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள். "பேசாம வாயை மூடிக்கிட்டு இருங்க. இது வெளிய தெரிஞ்சா ஒருத்தன் நம்ம படி ஏறுவானா?"

"ஏறலைன்னா போறான். செஞ்ச பாவத்தைச் சொல்லாம எப்படி இருக்கிறது?"

"பன்னிரண்டு வருஷமா இருந்தீங்களே."

"அப்போ எனக்குத் தெரியாதுடி."

"அவளுக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும்."

நான் கேட்கவில்லை. பெயர் போனாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போகிற வழியில் என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. விந்தியவாசினி வீட்டில் தனியாகப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் தாய் போய்ச் சேர்ந்து நான்கு வருடம். திவாரி வெளியே போயிருந்தார். காதோரம் நரை தட்டியிருந்தது அவளுக்கு, முப்பது வயதில். அவளுடைய பழைய ஜாதகம், புதியது இரண்டையும் அவள் முன்னால் விரித்து எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரம், ஒரு மணி நேரம், அவள் தாயைப் பார்த்து நான் சிரித்தது, எதையும் மறைக்கவில்லை.

அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ நான் அவரைக் கட்டியிருந்தா அவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது?"

"ஆகியிருக்காதும்மா."

"நூத்துக்கு நூறா?"

"நூத்துக்கு நூறு."

சிவப்பு மசிப் பேனாவை மூடி வைத்தாள்.

"போன சிவராத்திரிக்கு அவரைக் கோயில்ல பாத்தேன், பண்டிட்ஜி. தொந்தி போட்டிருக்கார். சின்னக் குழந்தை தோள்ல ஏறி உக்காந்துக்கிட்டு அவர் முடியைப் பிச்சுக்கிட்டு இருந்துச்சு. பாத்துட்டு வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். இந்த மனுஷன் உசுரோட இருக்கார்னா அது நான் குடுத்ததுன்னு நினைச்சுக்கிட்டேன். பன்னிரண்டு வருஷமா அந்த ஒண்ணை வச்சுத்தான் ஓட்டுறேன். என்கிட்ட வேற என்ன இருக்கு? அதையும் இன்னிக்கு எடுத்துட்டுப் போக வந்தீங்களா?"

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். இரண்டு ஜாதகத்தையும் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.