கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன்

கீல் கையோடு வந்துவிட்டது. வெளியே டிக்கெட் வாங்கிக்கொண்டு நிற்பவர்களின் பேச்சு உள்ளே கேட்கத் தொடங்கியிருந்த நேரம். மேடை நடுவில் தனியாக நின்ற குளியலறைக் கதவைக் கடைசியாக ஒருமுறை திறந்து மூடிப் பார்க்கலாம் என்று நாடகத்தை எழுதிய அவள் இழுத்ததுதான் தாமதம், மேல் கீல் பலகையைப் பிய்த்துக்கொண்டு ஸ்க்ரூவோடு வந்தது. கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து, குடித்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல நின்றது. கனமான பலகையில்தான் செய்வேன் என்று தச்சுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் அப்போதே சொன்னான். வேனில் ஏற்றி இறக்க வேண்டும், லேசாக இருக்கட்டும் என்று அடம்பிடித்தது அவள்தான்.

நாடகத்தில் நடிப்பது ஒரே ஆள். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் எல்லோரும் அவனைச் சோடாபுட்டி என்றே கூப்பிட்டார்கள். அவனும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தான். அவள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றபோது, கதவின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்த பட்டறை நம்பரைப் பார்த்து அவன் ஃபோனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தடுக்க அவள் வாயைத் திறப்பதற்குள் திரைக்குப் பின்னால் மறைந்தும் விட்டான். திரும்பி வந்தபோது அவன் முகமே மாறியிருந்தது.

"வராராம்," என்றான். "அக்கா, ஃபோன்ல பேசினது உங்க அண்ணனா?"

"ஆமா."

"நாடகத்துல வர்றது யாரோ தெரிஞ்சவர்னு சொன்னீங்களே."

அவள் கையிலிருந்த கீலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்தது அப்படியே அவர்தான்க்கா. அந்த மூச்சு மாட்டறது கூட." அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. "அவருக்குத் தெரியுமா?"

தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகத்தான் அவள் இத்தனை மாதமாகப் பூசி மெழுகிக்கொண்டிருந்தாள். முதல் நாள் வராதே, ஆயிரம் குளறுபடி இருக்கும், கடைசி நாளைக்கு நல்ல இடமாகப் பிடித்து வைக்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தாள். கடைசி நாளுக்கு வேறொரு சாக்கு கிடைக்காமலா போய்விடும்?

எல்லாம் ஒரு பயிற்சியில் தொடங்கியது. புதிதாக நாடகம் எழுதுகிறவர்களைப் பொறுக்கியெடுத்து, எழுத வைத்து, படிக்க வைத்து, தேறினால் மேடையேற்றித் தருவது அந்தச் சிறிய அரங்கத்தின் வழக்கம். மூடிய கதவுக்கு வெளியே நின்று கேட்ட ஏதாவது ஒன்றை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அரங்கப் பொறுப்பாளர் சொன்னார். மற்றவர்கள் அப்பா அம்மா சண்டையை எழுதினார்கள். அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நினைவுக்கு வந்தது. அண்ணனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணோடு அவன் முதல்முறையாக ஃபோனில் பேச வேண்டிய நாள். அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் திக்கும். நேரில் சமாளித்துவிடுவான், ஃபோன் என்றால் நாக்கு கல்லாகிவிடும். குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு அவன் 'வணக்கம்' சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். தோளில் துண்டோடு வெளியே நின்ற அவளுக்கு முதலில் பாவமாக இருந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. பொத்திக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை. கதவைத் தட்டி, "உள்ள குளிக்கிறியா, இல்ல கல்யாணமே முடிச்சிட்டியா?" என்று கத்திவிட்டாள்.

குழாய் நின்றது. குரலும் நின்றது. அண்ணன் ஈர முகத்தோடு வெளியே வந்து அவளைப் பார்க்காமல் மாடிக்குப் போனான். அங்கே என்ன பேசினான், பேசினானா என்று யாருக்கும் தெரியாது. அந்த இடம் கூடிவரவில்லை. அதற்குப் பிறகு வந்த இடங்களை அவனே வேண்டாம் என்று தட்டிக் கழித்தான்.

அவள் அதை எழுதினாள். படித்துக் காட்டியபோது கூடம் சிரிப்பில் குலுங்கியது. முன்னோட்டமாகச் சில காட்சிகளை நடித்துக் காட்டிய அன்று, அதற்கு மட்டும் தனியாகக் கைதட்டினார்கள். "உங்க நாடகமே அந்தச் சீன்தான்மா, இன்னும் கொஞ்சம் இழுங்க," என்றார் பொறுப்பாளர். அவள் இழுத்தாள். சிரிப்பு எந்த இடத்தில் கிளம்புகிறது என்று பார்த்து, அதற்கு முன்னால் இன்னொரு திக்கல் சேர்த்தாள். சோடாபுட்டி எடுத்த எடுப்பில் எல்லோரும் செய்வது போல 'வ வ வ' என்று அடுக்கினான். அப்படி இல்லை, எழுத்து வராது, முதலில் மூச்சுதான் மாட்டும், பிறகு தாடை, பிறகுதான் சத்தம் என்று அவளே செய்து காட்டினாள். கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா? அன்று ஒத்திகை முடிந்து வீட்டுக்குப் போனபோது அண்ணன் கதவை இழைப்புளியால் இழைத்துக்கொண்டிருந்தான். காசு எதுவும் வேண்டாம், உன் முதல் நாடகத்துக்கு என் பங்கு என்றான். அதைக் கேட்டுவிட்டு அவள் சாப்பிட்டுப் படுத்துத் தூங்கியும் விட்டாள். அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்னும் கூசியது.

அண்ணன் கருவிப்பையோடு வந்து சேர்ந்தான். கதவைத் தட்டிப் பார்த்தான், பலகையின் கிழிந்த வாயைக் கட்டைவிரலால் தடவினான்.

"இதுல இனிமே ஸ்க்ரூ பி... பிடிக்காது. கீல இறக்கிப் போட்டாலும் ஆடும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "எதுக்கு இப்படி மூஞ்ச வெச்சிருக்க? இன்னிக்கு நான் பின்னாடி நின்னு தாங்கிப் புடிச்சுக்கறேன். நாளைக்கு வேற கதவு."

"வேணாண்ணா. வேற யாராவது..."

"யா... யார் இருக்கா?"

யாரும் இல்லை. விளக்கும் ஒலியும் அவள் கையில். டிக்கெட் கொடுப்பவர் இடுப்புவலிக்காரர். சோடாபுட்டி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அண்ணனின் கையைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டும் போனாள்.

"அண்ணா, கதவுக்குப் பின்னாடி நடக்கிற சீன் ஒண்ணு இருக்கு. அதுல..."

"அதுல?"

அவன் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். பட்டறையிலிருந்து அவசரமாக வந்தவன் போல இல்லை. நாடகத்துக்குப் புறப்பட்டவன் போல இருந்தான். கூப்பிடாவிட்டாலும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பான் போல.

"தண்ணி சத்தம் வரும். ஸ்பீக்கர்ல," என்றாள். "பயந்துடாத."

"போ வாலு," என்று அவள் தலையில் தட்டினான்.

நாடகம் தொடங்கியது. அரங்கின் கடைசியில், கண்ணாடி வைத்த சின்ன அறையில் அவள் விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதல் காட்சிகள் ஓடியதை அவள் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. விரல்கள் பழக்கத்தில் ஏற்றி இறக்கின. பிறகு மேடை காலியானது. மூடிய கதவு, ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு ஃபோன். கதவுக்கு அந்தப் பக்கம் சோடாபுட்டி நிற்கிறான். அவனை ஒட்டி, சட்டத்தைத் தோளால் தாங்கிக்கொண்டு அண்ணன் நிற்கிறான். அவள் தண்ணீர்ச் சத்தத்தைத் திறந்தாள்.

"வ..." என்றது குரல். மூச்சு மாட்டியது. தாடை மாட்டியது. சொல்லிக் கொடுத்தது அப்படியே வந்தது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவள் யோசிக்கவில்லை, தண்ணீர்ச் சத்தத்தை மேலே தள்ளினாள். சொல் மூழ்கிப் போகட்டும், யாருக்கும் கேட்காமல் போகட்டும் என்று தள்ளினாள். ஆனால் நடிகன் நடிகன்தானே? சத்தம் கூடியதும் அவன் குரலை உயர்த்தினான். அருவி போல் கொட்டும் தண்ணீருக்கு மேலே ஒருவன் தொண்டை கிழியத் திக்கினான். கூடம் வெடித்தது. ஒத்திகையில் அவள் இழுத்து இழுத்து வாங்க நினைத்ததைவிடப் பெரிய சிரிப்பு. ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டார். அந்தச் சிரிப்பு முழுவதும் மெல்லிய பலகை ஒன்றைத்தான் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

அவள் சத்தத்தை ஒரேயடியாக அணைத்தாள்.

திடீரென்று எல்லாம் தெளிவாகக் கேட்டது, நாற்காலிகள் முனகுவது உட்பட. சோடாபுட்டி நிறுத்திவிட்டான். வசனம் மறந்ததா, வாய் வரவில்லையா, தெரியவில்லை. அடுத்த சிரிப்புக்காகக் கூட்டம் காத்திருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு அவன் வெளியே ஓடி வரவேண்டும், அவள் விளக்கை அணைக்க வேண்டும், அதோடு காட்சி முடிய வேண்டும். அவள் விரல் பொத்தானின் மேல் இருந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து வேறொரு குரல் வந்தது.

"எ..." என்று தொடங்கி நின்றது. நீண்ட நேரம் நின்றது. யாரோ சிரிக்கப் பார்த்து, துணைக்கு ஆள் இல்லாமல் விட்டுவிட்டார்கள். "எனக்குப் பேசக் கொஞ்சம் நேரம் ஆகும்ங்க. ஃபோ... ஃபோன வெச்சிடாதீங்க."

அவள் எழுதிய பிரதியில் அப்படி ஒரு வரி இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தட்டாமல் இருந்திருந்தால் அடுத்து இதுதான் கேட்டிருக்கும்.

அண்ணா என்று அவள் உதடு அசைந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் யாருக்குக் கேட்கும்? பொத்தானை அழுத்து என்றது பாதி மனது, அவனை இருட்டில் மறைத்துவிடு என்றது. அப்படி மறைத்தால் அது அவனுக்காகவா, தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிய்ந்த பக்கம் தரையில் உரசாமலிருக்க யாரோ உள்ளிருந்து கதவை மெல்லத் தூக்கினார்கள். பிறகு அது திறக்கத் தொடங்கியது. கதவின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்களில் மரத்தூள் ஒட்டியிருந்தது.