நாகஜோதியின் படிகாரம்

நாகல் நகரில் ஒரு பலசரக்குக் கடை மாடியில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கல் காட்டுகிறேன். ஊதா நிறச் செவ்வந்திக்கல், இளஞ்சிவப்பு இந்துப்பு, தங்கம் மாதிரி மின்னும் ஒரு கல். தங்கம் இல்லை என்று சொன்ன பிறகும் ஒருவன் அதைக் கடித்துப் பார்த்தான்.

பார்த்தது போதும், ஆளுக்கொன்று வளருங்கள் என்றேன். ஒன்பது வயது நாகஜோதி படிகாரத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து, ஆறவிட்டு, அதில் ஒரு துணுக்கை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். இருபத்திரண்டு நாளில் எலுமிச்சம்பழ அளவுக்கு, எட்டு முகத்தோடு, கண்ணாடி போல வளர்ந்துவிட்டது. திங்கட்கிழமை பள்ளிக் கண்காட்சி. கூடப் படிக்கும் தஹ்சீன் மயில்துத்தத்தில் வளர்த்த நீலக்கல்லை இது ஜெயித்துவிட வேண்டும் என்பதே அவளுக்கு எல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பூ விற்கும் அவள் அம்மா பொன்னழகுக்கு, மகள் மேல் கண் பட்டிருக்குமோ என்று பயம் வந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும், தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளை மூன்று முறை சுற்றி, கையில் இருந்ததைக் கரி அடுப்பில் போட்டாள். வீட்டில் வேறு படிகாரம் இல்லை.

எட்டு மணிக்கு இருவரும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். தட்டில் அப்பளம் மாதிரி வெள்ளையாகப் பொங்கிய ஒரு கட்டி. அதில் கண் வைத்தவர் முகம் தெரியும் என்பது வழக்கம். பொன்னழகு அதை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. மூக்கு உங்க மூக்குதான்."

நாகஜோதியும் பக்கவாட்டில் பார்த்து ஒப்புக்கொண்டாள். பிறகு, ஏன் பொங்கியது என்று கேட்டாள். கல்லுக்குள் பாதி தண்ணீர்தான், சூட்டில் அது ஆவியாகிப் போய்விட்டது என்றேன்.

"அப்ப நான் இம்புட்டு நாளும் தண்ணியவா வளத்தேன்?"

"பாதி."

அழுவாள் என்று நினைத்தேன். தட்டோடு பள்ளிக்கூடம் போனாள். அங்கே மேசையைச் சுற்றிக் கூட்டம். யார் முகம் என்று ஆளாளுக்குச் சொல்ல, கடைசியில் தலைமையாசிரியர் என்று முடிவானது. என்ன இது என்று கேட்ட டீச்சரிடம், "பாதிக் கல்லு டீச்சர். மீதிய எங்கம்மா ஆவியாக்கிட்டாங்க" என்றாளாம்.

பரிசு தஹ்சீனுக்குத்தான்.

சாயங்காலமே அடுத்த ஜாடி வைத்தாள். பார்க்கப் போனேன். ஜாடியின் கழுத்தில் பச்சை மிளகாய் கோத்துக் கட்டியிருந்தாள் பொன்னழகு. இந்தத் தடவை கல்லுக்கே கண் பட்டுவிடக் கூடாதாம். நான் மட்டும் வாசலோடு நின்றுகொள்ள வேண்டுமாம்.