புகைக்கு அந்தப் பக்கம்

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று முடிகிற அன்று, லாரி அதுவரை விட்ட புகை எல்லாம் வீடு திரும்பிவிடும். எங்கள் ஊரில் எல்லா லாரிக்கும் அப்படித்தான். காலையில் கதவைத் திறந்தேன். வாசலில் புகை நின்றுகொண்டிருந்தது. எங்கள் வீட்டைவிட உயரம்.

"வந்துடுச்சுங்க," என்றாள் என் மனைவி சம்பூரணம். அது உள்ளே வந்துவிடாமல் கதவைச் சாத்தினாள்.

லாரியைச் சோதனை மையத்துக்கு ஓட்டினேன். புகை பின்னாலேயே வந்தது. சிக்னலில் நின்றால் அதுவும் நின்றது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சம்பூரணம் பஸ்ஸில் வந்தாள். எங்கள் வீட்டில் பெண்களை லாரியில் ஏற்றுவதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

மையத்தில் தமயந்தி என்ற பெண் அதிகாரி இருந்தார். சோதனை எளிது. புகைக்கு இந்தப் பக்கம் லாரிக்காரன் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் அவனுக்கு வேண்டியவர் நிற்க வேண்டும். ஆள் தெரிந்தால் லாரி பாஸ். தெரியாவிட்டால் லாரியை நசுக்கிவிடுவார்கள்.

"தெரியாமலே தெரியுதுன்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"வண்டி உங்களுக்குங்ணா. ஆளு புகைக்குப் போயிரும்."

"அப்புடிங்களா."

"அப்புடித்தானுங்."

சம்பூரணம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு புகைக்குள் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். வழக்கமான புகைச் சோதனைக்கு முன்னால் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து இன்ஜினை உறும விடுவது எங்கள் டிரைவர்களின் பழக்கம். குழாயில் கிடக்கிற கரி எல்லாம் வெளியே போய்விடும். அப்புறம் மீட்டரில் ஒன்றும் காட்டாது. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், யோசிக்கும் முன்பே கால் மிதித்துவிட்டது. கரி வெளியே போனது. போய் மற்ற புகையோடு சேர்ந்துகொண்டது. புகை நீண்டது. மையத்தின் மைதானமும் கூடவே நீண்டது. மதில் சுவர் ஒதுங்கி வழிவிட்டது.

"எல்லாரும் இதையேதாங்ணா செய்றாங்க," என்றார் தமயந்தி.

"அம்மிணி!" என்று புகையைப் பார்த்துக் கத்திக்கொண்டே இறங்கினேன்.

"இங்கதான் இருக்கறனுங்க." குரல் வெகு தொலைவிலிருந்து வந்தது.

"எங்க நிக்கற?"

"ஆரஞ்சுத் தோட்டமுங்க. மழை பேயுது."

அது நாக்பூர் பக்கம். டயர் வெடித்து ஒரு பகல் முழுக்க அங்கே நின்றிருந்தேன். அவளிடம் சொன்னதில்லை. புகை மறக்காமல் வைத்திருந்தது.

"இப்பப் பெரிய பாலமுங்க. கீழ ஆறு. அக்கரையே தெரியல."

கோதாவரி.

"ஏனுங்க, இத்தனையும் நீங்க பாத்ததுங்களா?"

"ஆமா."

"வந்தா லோடு எறக்கியாச்சுன்னுதானே சொல்வீங்க!"

புகையை அண்ணாந்து பார்த்தேன். வெறும் கறுப்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உள்ளே மலைகள் நகர்ந்தன. சுங்கச்சாவடி விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஒரு மயில் அவசரமில்லாமல் நான்கு வழிச்சாலையைக் கடந்தது. இவ்வளவையும் நானா கக்கினேன்? கை கூப்பத் தோன்றியது. கூப்பினேன். தமயந்தியும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"ஆள் தெரியுதுங்களாண்ணா?"

லாரியைப் பார்த்தேன். அதன் நெற்றியில் காலையில் நான் வைத்த பொட்டு இருந்தது. ஸ்டீயரிங் தவிர வேறு எதைப் பிடித்தும் நான் பிழைத்ததில்லை.

"தெரியலீங்க," என்றேன்.

நசுக்குகிற இயந்திரம் சத்தமே போடவில்லை. லாரி டிபன் கேரியர் அளவுக்கு ஆனது. தமயந்தி அதை என் கையில் கொடுத்தார். இன்னும் சூடாக இருந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

"போய் அக்காவைக் கூட்டிட்டு வாங்ணா."

"எவ்வளவு தூரமுங்க?"

"ஓட்டுன தூரமுங்."

டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு புகைக்குள் நடந்தேன். சாலை இருந்தது. எல்லா வளைவும் எனக்குத் தெரிந்த வளைவு. எதிரில் ஒரு லாரி வந்தது. முழுக்கப் புகையால் ஆனது. என் லாரியேதான், பொட்டு உட்பட. பக்கத்தில் வந்து நின்றது. ஸ்டீயரிங்கில் சம்பூரணம் இருந்தாள்.

"ஏறுங்க."

"உனக்கு எப்ப வண்டி ஓட்டத் தெரியும்?"

"தெரியாதுங்க. ஓட்டறன்."

இடது பக்கம் ஏறினேன். கிளீனராக இருந்த காலத்துக்குப் பிறகு அங்கே உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து பார்த்தால் சாலை அகலமாக இருந்தது. நசுங்கிய லாரியை மடியில் வைத்துக்கொண்டேன்.

"வீட்டுக்குத்தானே?"

"அந்தப் பாலத்த இன்னொருக்காப் பாத்துட்டுப் போலாமுங்க. பின்னால ஏதாச்சும் வருதான்னு பாருங்க."

ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் புகையே இல்லை. வெகு தூரத்தில் தமயந்தி தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் முகம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

கதவை வெளிப்பக்கம் தட்டினேன்.

"போலாம் ரைட்," என்றேன்.