இன்னும் மூன்று போர்வைகள்

சோலாப்பூர் போர்வையின் ஒரு முனை ரெங்கம்மாளின் கையிலும் மறுமுனை கனகலட்சுமியின் கையிலும் இருந்தது. ஆளுக்கொரு திசையில் முறுக்க, நடுவில் அது வடம்போலத் திரண்டு தண்ணீரைக் கொட்டியது. மார்கழிக் கடைசி வாரம். எட்டு மணி ஆகியும் தொட்டித் தண்ணீர் விரல்களை மரத்துப்போக வைத்தது.

“அக்கா” என்றாள் கனகலட்சுமி.

ரெங்கம்மாள் நிமிர்ந்தாள். அந்தக் கொல்லையில் அந்தச் சொல்லைக் கேட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது.

“தையில மீனாவுக்கு வளைகாப்பு வச்சிருக்கோம். மொத வளையல நீங்கதான்க்கா போடணும்.”

சொல்லிவிட்டு அவள் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெங்கம்மாள் முறுக்கை இன்னொரு சுற்று இறுக்கினாள். டப்பில் இன்னும் மூன்று போர்வைகள் ஊறிக்கொண்டிருந்தன. அவற்றையும் இவர்கள் இருவரும்தான் பிழிய வேண்டும். கேட்டவள் கொஞ்சம் காத்திருக்கட்டும், கடைசிப் போர்வையைப் பிழியும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அடுத்த சுற்றில் எதிர்முனை இளகியது. ஒழுங்காகப் பிடிக்க மாட்டாளா என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு போர்வையின் முழுக் கனமும் அவள் கைக்கே வந்தது. கனகலட்சுமி துவைகல்லில் ஒரு கையை ஊன்றி, உட்காரப் போகிறவள்போல மெதுவாகச் சரிந்து, ஈரத்தரையில் ஒருக்களித்துப் படுத்தாள்.

ஆட்டோவில் அவள் தலை ரெங்கம்மாளின் மடியில் இருந்தது. இரண்டு பேர் சேலையிலும் போர்வைத் தண்ணீர். முன்னால் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சிவக்குமார், பெண்டாட்டியின் பெயரைச் சொல்லிச் சொல்லித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். மெயின் ரோட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடியைப் பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். வரும்போதே முடிந்துவிட்டது என்றார். அவளுக்கு ஐம்பத்தொரு வயது.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் விருமாண்டிக்கு வாழ்க்கைப்பட்டவள் ரெங்கம்மாள், தம்பி சிவக்குமாருக்குக் கனகலட்சுமி. சமயநல்லூரில் ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். கொல்லையும் தண்ணீர்த் தொட்டியும் மொட்டைமாடியும் பொது. ரெங்கம்மாளுக்குப் பிள்ளை இல்லை. கனகலட்சுமிக்கு மீனா ஒருத்திதான். அவள் சுவருக்கு இந்தப் பக்கம் சாப்பிட்டு அந்தப் பக்கம் தூங்கி வளர்ந்தாள், சில நாள் மாற்றி.

பொங்கலுக்கு முன்னால் வீட்டிலுள்ள போர்வைகளையெல்லாம் துவைத்துப் போடுவது கனகலட்சுமி மருமகளாக வந்த வருடம் தொடங்கியது. அப்போது இருந்தவை இரண்டு ஜமுக்காளமும் ஒரு கம்பளியும்தான். லாரி ஓட்டிய விருமாண்டி வடக்கே லோடு ஏற்றிப் போகும்போதெல்லாம் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். மதுரை வெயிலுக்கு இம்புட்டுக் கனத்தில் போர்வை எதற்கு என்று ரெங்கம்மாள் கேட்டால், மார்கழி என்று ஒரு மாசம் இருக்கிறதல்லவா என்பார். ஒருமுறை பெரிய புலி படம் போட்ட வெல்வெட் போர்வை வந்தது. நான்கு வயது மீனா புலியைப் பார்த்து அழுததால் படத்தை உள்பக்கமாகத் திருப்பிப் போர்த்த வேண்டியிருந்தது. அதற்கும் அவள் ஒப்பவில்லை. உள்ளே இருந்தால் கடிக்குமே என்றாள்.

போர்வைகளை ஊறப்போட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டப்புக்குள் ஏறி நின்று மிதிப்பார்கள். சோப்புத் தண்ணீர் வழுக்கும். விழாமல் இருக்க ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். ஒரு வருடம் கனகலட்சுமி சிரித்த சிரிப்பில் இருவரும் டப்போடு சாய்ந்தார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த விருமாண்டி, தம்பி பெண்டாட்டி இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார். அதன் பிறகு வெகுநாள் அவர் கொல்லைக்கு வருமுன் கனைத்துவிட்டுத்தான் வந்தார்.

வாஷிங் மெஷின் வாங்கிய பிறகும் போர்வைகள் கைக்குத்தான் வந்தன. சிவக்குமார் ஒருநாள் பெருமையாக ஒரு போர்வையை அதற்குள் திணித்து ஓடவிட்டார். மெஷின் குதித்துக் குதித்து வாசல்படிவரை நடந்துவந்து நின்றது.

பேச்சு நின்றது மீனாவின் கல்யாணத்தில். விருமாண்டி இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. பரவை மண்டபத்தில், பொண்ணு மாப்பிள்ளைக்கு எடுக்க ஆலாத்தித் தட்டைக் கரைத்து, எப்போதும்போல ரெங்கம்மாள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். கனகலட்சுமி வேகமாக வந்து அந்தத் தட்டை வாங்கி நாத்தனார் ராமக்காள் கையில் கொடுத்தாள். “நீங்க கொஞ்சம் உக்காருங்கக்கா” என்றாள். குரலில் கடுமை எதுவும் இல்லை. ரெங்கம்மாள் உட்காரவில்லை. சாப்பிடாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆனாலும் அடுத்த மார்கழியில் போர்வைகள் அழுக்காகத்தான் இருந்தன. தனியாக யாரும் அவற்றைப் பிழிய முடியாது. ஒருத்தி டப்பைக் கழுவி வைக்க, மற்றவள் தண்ணீரைத் திறந்துவிட்டாள். மிதிக்கும்போது ஆளுக்கொரு சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். சொல்ல வேண்டியதை, கொல்லையில் படுத்துக்கிடந்த கருப்பு என்ற நாயிடம் சொன்னார்கள்.

“கருப்பு, அந்தப் பக்கம் நல்லாப் பிடிக்கச் சொல்லு.”

“பிடிச்சுத்தான் இருக்குன்னு சொல்லு கருப்பு. முறுக்குறவுகளுக்குத்தான் தெம்பு இல்ல.”

நாய் இரண்டு பேரையும் பார்த்துக் கொட்டாவி விடும். ரெங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிடும். முகத்தைப் போர்வைப் பக்கம் திருப்பிக்கொள்வாள். எதிரே இருந்தவளும் அப்படித்தான் திருப்பிக்கொண்டாள் என்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

மீனா டி. கல்லுப்பட்டியிலிருந்து கணவன் முகேஷோடு காரில் வந்து இறங்கியபோது பதினொன்றரை. ஏழு மாத வயிறு. கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தவளை ராமக்காள் வாசலிலேயே கட்டிப்பிடித்து நிறுத்தினாள். மாசமாக இருக்கிற பிள்ளை பிணத்தின் பக்கத்தில் உட்காரக் கூடாது, நின்று முகத்தைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா வீட்டுக்குள் போய்விடட்டும் என்றாள். கல்யாணமாகி ஐந்தாம் வருடம் தரித்த பிள்ளை. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மீனா வாசலில் நின்று பார்த்தாள். ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் வாசல் வெளிச்சம் விழுந்து முகம் பாதிதான் தெரிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒப்பாரி நடந்தது. இந்தப் பக்கம் மீனா சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரெங்கம்மாள் பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தாள். அது ஆடை கட்டியது. சுமங்கலியாகப் போனவளுக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டப் பெண்களைக் கூப்பிட்டார்கள். ரெங்கம்மாளை யாரும் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை.

கோடி போட வந்தவர்கள் கலைந்த நேரத்தில் ராமக்காள் இந்தப் பக்கம் வந்தாள். மீனாவின் தலையைத் தடவிக்கொண்டே ரெங்கம்மாளிடம் கேட்டாள்.

“நீதானே கூட இருந்த. கடைசியா என்னத்தயாச்சும் சொன்னாளா?”

“ஒண்ணும் சொல்லல மதினி.”

வாயில் தானாக வந்த பொய் அது. செத்தவள் முதல் வளையல் போடும் உரிமையைத் தனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள் என்று அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது. தாலி இல்லாதவள், பெறாதவள், ஐந்து வருடமாகப் பேசாதவள். யார் நம்புவார்கள். நம்பினாலும் அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. நீ என்ன சொன்னாய் என்பார்கள்.

நான்கு மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள். பிறகு வீடு முழுவதும் தண்ணீர் ஊற்றிக் கழுவப்பட்டது. கனகலட்சுமியின் பாயையும் தலையணையையும் கட்டித் தூக்கிப் போனார்கள். தீட்டுப்பட்ட துணிகளோடு, பிழிந்து முடியாத அந்தப் போர்வையும் டப்பில் கிடந்த மூன்றும் திரும்பவும் துவைப்பதற்காக ஒரு மூலைக்குப் போயின.

மறுநாள் காலை ஆண்கள் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போயிருந்தபோது ரெங்கம்மாள் அவற்றை எடுத்துப்போட்டுத் துவைத்தாள். பக்கத்து வீட்டுச் சோலையம்மாள் ஓடிவந்து, “குடு மதினி, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்” என்றாள். வேண்டாம் என்றாள் ரெங்கம்மாள். போர்வையை மோட்டார்க் குழாயில் சுற்றி, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துத் தனியாக முறுக்கினாள். குழாய் இரும்பு, அது இளகவே இல்லை. ஆனால் இவளோடு சேர்ந்து அது முறுக்காது. பாதித் தண்ணீர் போர்வையிலேயே நின்றது. ஒவ்வொன்றையும் தோளில் போட்டு மாடிப்படி ஏறுவதற்குள் முதுகு நனைந்து நடுங்கியது.

நான்காவது போர்வையோடு படியில் நின்றபோது ஆண்கள் திரும்பியிருந்தார்கள். கீழே ராமக்காள் பேசுவது கேட்டது. வளைகாப்புக்குச் சொன்ன மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிடும்படி தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“முப்பது கழியட்டும். ஒம்பதாம் மாசம் வீட்டோட வச்சு நானே பிள்ளைக்கு நாலு வளையலப் போட்டு விட்டுர்றேன். தாயில்லாப் பிள்ளைக்கு வேற யாரு இருக்கா?”

அவள் அழுதுகொண்டேதான் சொன்னாள். சிவக்குமார் சரி என்றார். ரெங்கம்மாள் மிச்சப் படிகளை ஏறினாள்.

மூன்றரை மணிக்குத் தொட்டுப் பார்த்தபோது சோலாப்பூர் போர்வைகளின் கரை இன்னும் ஈரமாக இருந்தது. பனி இறங்குவதற்குள் திருப்பிப் போட்டால் கொஞ்சம் காயும். வெயில் பக்கத்தை அவள் மாற்றிக்கொண்டிருந்தபோது மீனா படியேறி வந்தாள். இரண்டு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவது மேலேவரை கேட்டது.

“ஏத்தா, இந்த வயித்தோட எதுக்கு ஏறி வார?”

மீனா இரண்டு கொடிகளுக்கு நடுவே போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள். இருபக்கமும் போர்வைகள் தொங்க, நடுவில் மட்டும் வெயில் விழுந்தது. சிறுபிள்ளையில் அவள் ஒளிந்துகொள்ளும் இடம் அது. அம்மாவும் பெரியம்மாவும் தேடுவதுபோல நடித்து, மாடி முழுக்க அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு திரிவார்கள்.

“நேத்துக் காலையில அம்மா போன் பண்ணாங்க” என்றாள் மீனா. “போர்வை ஊறப் போட்டாச்சு, இன்னைக்கு ஒங்க பெரியம்மாட்ட ஒண்ணு கேக்கப்போறேன்னாங்க. என்னன்னு கேட்டேன். மொதல்ல அவுக சரின்னு சொல்லட்டும், பெறகு சொல்றேன்னாங்க.”

ரெங்கம்மாள் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணும் சொல்லலன்னு அத்தைட்ட சொன்னீங்கல்ல பெரியம்மா. கேக்காமலே போயிட்டாங்களா?”

ஆமாம் என்றால் அதோடு முடிந்துவிடும். மீனாவின் கண்கள் அழுது அழுது வீங்கி, வெயிலுக்குச் சுருங்கியிருந்தன. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல ரெங்கம்மாளால் முடியவில்லை.

“கேட்டா” என்றாள்.

மீனா காத்திருந்தாள்.

“ஒனக்கு மொத வளையல என்னையப் போடச் சொன்னா.”

கீழே யாரோ குடத்தை வைக்கும் சத்தம் கேட்டது. மீனா முழங்கையைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல.” ரெங்கம்மாள் அவளுக்கு எதிரே மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். “மூணு போர்வை கெடந்துச்சுத்தா. எல்லாத்தையும் பிழிஞ்சு முடிக்கையில சொல்லிக்கிருவோம்னு நெனச்சேன். கொஞ்சம் காத்துக் கெடக்கட்டும்னு நெனச்சேன்.”

மீனா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். போர்வையின் அடியில் திரண்டு நின்ற ஒரு சொட்டு, விழுவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டது. திட்டினால் நன்றாக இருக்கும் என்று ரெங்கம்மாளுக்கு இருந்தது. எழுந்து கீழே போய்விடுவாளோ என்றும் பயமாக இருந்தது. போகட்டும், அதுதான் நியாயம்.

மீனா எழுந்திருக்கவில்லை. முகத்தைத் திருப்பாமலே, மடியில் கிடந்த வலது கையை மட்டும் எடுத்து இருவருக்கும் நடுவில், வெயில் விழுந்த தரையில் வைத்தாள்.

ரெங்கம்மாள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஈரத்தில் ஊறிச் சுருங்கிய தன் கையைச் சேலையில் துடைத்தாள். கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து மீனாவின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள்.

“கை நீர் கோத்திருக்கு” என்றாள். “ரெண்டு நாலு அளவு வளையல் ஏறாது. ரெண்டு ஆறுதான் வாங்கணும்.”

மீனா கையை எடுத்துக்கொள்ளவில்லை.