மாலை மாற்றிய காட்சி

நாடகத்துக்கு வரும் நடிகைகளை அந்த ஊரில் யாரும் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. பூவம்மாள் சேர்ப்பாள். அவளையும் யாரும் அவ்வளவாகச் சேர்ப்பதில்லை.

ஆனந்தவல்லி கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் வலங்கைமான் வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் ஊருக்கு வந்தாள். பொங்கலுக்கு மறுநாள். கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. அறுப்புக் கூலி பேசி முடியாததால் பல வயல்களில் இன்னும் அரிவாள் இறங்கவில்லை.

பூவம்மாள் சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே ஆனந்தவல்லி சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு புகைப்படம். மேடை, மைக், பின்னால் கொடி. கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் கழுத்தில் மாலை. பக்கத்தில் நின்ற பூவம்மாள் கழுத்திலும் மாலை.

"நீங்களும் நடிச்சிருக்கீங்களா அக்கா? எந்த நாடகம்?"

"அது என் கல்யாணம்."

ஆனந்தவல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பரவாயில்ல. என் மூத்தாரும் அதைத்தான் சொல்றாரு. ரெண்டு மாலையும் ஒரு மைக்கும் இருந்தா கல்யாணமா, அது நாடகம்ங்கிறாரு."

மூத்தார் என்றால் சிவசாமி. ஊரின் பெரிய மிராசுதார். அவர் தம்பி இராஜாங்கம் கட்சிக்காரன். ஐயர் இல்லாமல், அக்கினி இல்லாமல் பூவம்மாளைக் கட்டிக்கொண்டான். மஞ்சள்காமாலையில் போய்விட்டான். பிள்ளை இல்லை. அவன் பங்கு, வாய்க்காலுக்கு மேற்கே இருந்த வயல். அய்யாவு என்பவர் அதைக் குத்தகைக்கு உழுதார். குத்தகை நெல் மட்டும் அண்ணன் வீட்டுக்குப் போனது. பூவம்மாள் கேட்டபோது சிவசாமி, "எந்த முறையில நீ கேக்குற?" என்றார். அவள் தையல் மெஷின் வாங்கிப் போட்டு ரவிக்கை தைத்துப் பிழைத்தாள்.

"இப்பதான் சட்டம் வந்துடுச்சே அக்கா. மாலை மாத்தினாலே செல்லும்ங்கிறாங்க."

"சட்டம் மெட்ராஸ்ல இருக்கு. நெல்லு அவர் பத்தாயத்துல இருக்கு."

ஆனந்தவல்லி கை கழுவி வந்தாள். மேடையில் அவள் எத்தனையோ பேருக்கு மாலை போட்டிருக்கிறாள். எல்லாம் காகிதப் பூ.

"ஒண்ணு கேக்கவா அக்கா? இது நிஜம்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பூவம்மாள் யோசித்தாள். "மாலை கனமா இருந்துச்சு. நார் கழுத்தைக் குத்திச்சு. அவருக்கும் குத்துமான்னு நிமிந்து பாத்தேன். அதுக்குள்ள அவரு என்னைக் கேக்குறாரு, குத்துதான்னு. மைக்குல கேட்டுடுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பதான்."

அன்றிரவு நாடகத்தில் கதாநாயகன் இளங்கோ. நடித்தவன் தியாகேசன், சிவசாமியின் மகன். கடைசிக் காட்சி சுயமரியாதைத் திருமணம். தம்பியின் திருமணத்தைக் கல்யாணம் இல்லை என்றவர் மகனை இதில் நடிக்க விட்டதற்குக் காரணம் இருந்தது. அறுபத்தேழு தேர்தலுக்குப் பிறகு அவர் துண்டில் கட்சிக் கரை ஏறியிருந்தது. யூனியன் சேர்மன் காயாரோகணம் நாடகத்துக்குத் தலைமை. இரவு தங்குவதும் சிவசாமி வீட்டில். முன்வரிசையில் சேர்மனுக்குப் பக்கத்து நாற்காலியில் திருக்கடையூர்க்காரர் ஒருவர் இருந்தார். தியாகேசனுக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணின் தாய்மாமன்.

கடைசிக் காட்சியில் திருமணத்தை நடத்திவைக்க வேண்டிய நடிகர் மேடைக்குப் பின்னால் குடித்துவிட்டுக் கிடந்தார். பதறிப்போன நாடகக்காரர்கள் சேர்மனையே மேடைக்கு அழைத்தார்கள். அவர் சந்தோஷமாக ஏறினார். காகித மாலைகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னய்யா இது, சாமானியக் காரியமா? எனக்குப் போட்டீங்களே, அதைக் கொண்டாங்க."

அவருக்கு அணிவித்த இரண்டு ரோஜா மாலைகள் வந்தன. சேர்மன் மைக்கைப் பிடித்தார்.

"ஐயர் வேணாம். புகை வேணாம். நாலு பேர் முன்னாடி ரெண்டு பேரும் சொன்னாப் போதும், மாலை மாத்தினாப் போதும். சட்டம் இருக்கு. சிவசாமி மகன் தியாகேசன், இந்த ஆனந்தவல்லியை மனைவியா ஏத்துக்கிறீங்களா?"

இளங்கோ என்று சொல்லியிருக்க வேண்டும். நாடகத்தின் பெயர்கள் அவருக்குத் தெரியாது. நோட்டீசில் இருந்த பெயர்கள்தான் தெரியும். தியாகேசன் ஒரு கணம் விழித்தான். பிறகு மனப்பாடம் செய்த வசனத்தைச் சொன்னான். அவளும் சொன்னாள். மாலை மாறியது.

கனமாகத்தான் இருந்தது. நார் குத்தியது. ஆனந்தவல்லி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் போட்டோ எடுப்பவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படுதா இழுக்க வேண்டியவர் அய்யாவு. இழுக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி வாய் திறந்து நின்றார். பெண்கள் பக்கமிருந்து யாரோ குலவையிட்டார்கள்.

விடிந்ததும் சிவசாமி பூவம்மாள் வீட்டு வாசலுக்கு வந்தார். தம்பி செத்தபின் அதுவே முதல் தடவை. உள்ளே வரவில்லை. ஆனந்தவல்லியை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ ஒரு வார்த்தை சொல்லணும். திருக்கடையூர்க்காரர் வண்டி கட்டச் சொல்லிட்டாரு. உம்ம மகனுக்குத்தான் சட்டப்படி ஆயிடுச்சே, எங்க பொண்ணு எதுக்குங்கிறாரு."

"நான் எதுவும் கேக்கலீங்களே."

"நீ கேக்கல. நாளைக்குக் கேட்டா? அதான் அவரு பயம். நடிப்புதான்னு அவர் முன்னாடி சொல்லிடு. பட்டுப்புடவை எடுத்துத் தரேன்."

"கல்யாணப் புடவைங்களா?"

அடுப்படியில் பூவம்மாள் சிரித்துவிட்டாள். சிவசாமி கேட்காதது போல் இருந்தார்.

"நேத்து எங்க நடந்துச்சோ அங்கேயே சொல்றேங்க" என்றாள் ஆனந்தவல்லி. "அக்கா, நீங்களும் வாங்க."

மேடையில் அய்யாவு படுதாக்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். செய்தி முன்னாலேயே போயிருந்தது. பல் விளக்கிக்கொண்டே வந்தவர்களும் இருந்தார்கள். சேர்மன் காபி டம்ளரோடு வந்தார். திருக்கடையூர்க்காரர் துண்டை இறுக்கிக் கட்டி நின்றார். தியாகேசன் தூணுக்குப் பின்னால். பாதிப் புருவத்தில் நேற்றைய மை.

"சொல்லும்மா. அது கல்யாணம் இல்லைன்னு சொல்லு" என்றார் சிவசாமி.

எதனால் இல்லை என்பது ஆனந்தவல்லிக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

"சொல்றேங்க. எதனால இல்லைன்னு நீங்க சொல்லிட்டா நல்லாருக்கும். மாலை நிஜ மாலை. பேரு உங்க பையன் பேரு. சேர்மன் ஐயா நிஜ சேர்மன். ஊரே உக்காந்திருந்துச்சு. இதுல எதுங்க குறையுது?"

"ஐயர்..." என்று ஆரம்பித்தார் சிவசாமி.

சேர்மனின் டம்ளர் பாதி வழியில் நின்றது. "ஐயரா? என்ன சொல்றீங்க சிவசாமி?"

"அதில்லீங்க. ஐயரெல்லாம் வேண்டியதில்ல. நான் எப்பவும் சொல்றதுதானே."

கூட்டத்தில் ஒருவர் இருமினார்.

"அப்ப வேற என்ன குறையுது? எனக்கும் சொல்லுங்க" என்றார் திருக்கடையூர்க்காரர். "என் தங்கச்சி பொண்ணு வாழ்க்கை."

சிவசாமி மகனைப் பார்த்தார். மேடைத் தூணில் நேற்றைய மாலை தொங்கிய ஆணியைப் பார்த்தார்.

"மனசு" என்றார் கடைசியில். "ரெண்டு பேருக்கும் மனசு வேணும்ல? இவன் வசனம் பேசினான். அந்தப் பொண்ணும் வசனம் பேசிச்சு. கட்டிக்கணும்னு நினைச்சா மாலை மாத்தினாங்க?"

"மனசு இருந்து மாத்தியிருந்தா?" என்றாள் ஆனந்தவல்லி.

"இருந்து மாத்தினா அது கல்யாணம்தான். யாரு இல்லைங்கிறது?"

சொன்ன பிறகுதான் அவர் பூவம்மாளைப் பார்த்தார். அவள் கூட்டத்தின் ஓரத்தில் கைகட்டி நின்றாள். அவளைப் பார்த்தது அவர் மட்டும் இல்லை.

"நல்லாச் சொன்னீங்க" என்றார் சேர்மன். அவருக்குப் பூவம்மாள் கதை எதுவும் தெரியாது.

ஆனந்தவல்லி திருக்கடையூர்க்காரர் பக்கம் திரும்பினாள். "எங்களுக்கு மனசு இல்லீங்க. நடிச்சோம். மாலை குத்திச்சு, அவரு என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. உங்க பொண்ணைப் பாக்கச் சொல்லுங்க."

சிரிப்பு எழுந்தது. திருக்கடையூர்க்காரர் துண்டைத் தளர்த்தினார். தியாகேசன் தூணை விட்டு வெளியே வந்தான். சிவசாமி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"ஐயா" என்றார் அய்யாவு. படுதாவை மேடையில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். குத்தகைக்காரனை இப்போது சட்டப்படி யாரும் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. அது அவர் குரலில் தெரிந்தது. ஆனாலும் துண்டு அக்குளில் இருந்தது.

"என்னய்யா?"

"வாய்க்காலுக்கு மேக்க நாளைக்கு அறுக்குறேங்க. குத்தகை நெல்ல இனிமே சின்னம்மா வீட்டுலயே கொட்டிடட்டுங்களா?"

சிவசாமி வாயைத் திறந்தார். சேர்மன் ஆவலாக அவர் முகத்தைப் பார்த்தார். "எந்தச் சின்னம்மா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் சொல்ல ஆரம்பித்தார். நிதானமாக, முதலிலிருந்து. சிவசாமி வாயை மூடிக்கொண்டார்.

ஆனந்தவல்லி திரும்பிப் பார்த்தபோது பூவம்மாள் அங்கே இல்லை.

பையை எடுக்க அவள் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே சத்தம் கேட்டது. பூவம்மாள் கூடத்தின் நடுவில் இருந்த தையல் மெஷினைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டிருந்தாள். தரை பெருக்கியாகிவிட்டது.

"அந்தப் பக்கம் பிடி" என்றாள். "இடம் பத்தாது."